செவ்வாய்க்குச் செவ்வாய் எட்டு

போன மாதம் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள டீக்கடையில் பிரிட்டோ என்னைப் பிடித்துக்கொண்டான். நான் கிதார் வாசித்த மெல்லிசைக் குழுவில் இப்போது வாசிப்பவன் அவன்தான்.

"அண்ணே, ஃபோர்த்துன்னா அஞ்சு ஃப்ரெட்டு. ஃபிஃப்த்துன்னா ஏழு ஃப்ரெட்டு. தேர்டுன்னா ஒரு தடவ மூணு, ஒரு தடவ நாலு. யாருண்ணே இதுக்கெல்லாம் பேரு வச்சது? எண்ணத் தெரியாத ஆளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு நாலு பேர் நடுவில் பேச்சு வராது. "எழுதித் தாரேன்ப்பா" என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எங்கள் இசைக் கலைஞர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதும்படி செயலாளரும் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து இது.

கிதார் வாசிக்காதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கிதாரின் கழுத்தில் குறுக்கே சிறு கம்பிகள் பதித்திருப்பார்கள். அதற்குப் பேர் ஃப்ரெட். விரலை ஒரு ஃப்ரெட் தள்ளி வைத்தால் சுரம் ஒரு படி ஏறும். இரண்டு சுரங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு மேல்நாட்டு இசையில் செகண்ட், தேர்ட், ஃபோர்த், ஃபிஃப்த் என்று பேர்கள் உண்டு. பேரில் உள்ள எண்ணும் ஃப்ரெட்டின் எண்ணும் ஒத்துப்போகாது. பிரிட்டோவின் குழப்பம் அதுதான். ஒன்பது வருடம் எனக்கும் அதுதான் இருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். மில் பஸ்ஸில் கூட வந்தவர் ஒருவர் வீடு மாற்றும்போது, வைக்க இடமில்லை என்று ஒரு பழைய கிதாரைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் கிறிஸ்தவப் பங்குக் கோயில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, காதால் கேட்டுக் கேட்டே நாலைந்து வருடத்தில் வாசிக்கப் பழகினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தியோடர் மாஸ்டர் என்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

மாஸ்டர் இந்த ஊர்க்காரர் இல்லை. பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுக்க வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பித்தான் வரை போட்டிருப்பார். எங்களை 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவார்.

நாகல் நகரில் ஒரு மைக் செட் கடைக்குப் பின்னால் இருந்த குடோனில்தான் எங்களுக்கு ஒத்திகை. மடித்துப்போட்ட பந்தல் துணிக்கும் கூம்பு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வோம். மாஸ்டர் பத்து நிமிடம் முன்னதாகவே வருவார். குடையை ஒரு கூம்பு ஸ்பீக்கரின் வாயில் மாட்டுவார். கைக்குட்டையால் கீபோர்டின் கட்டைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் துடைப்பார். துடைத்து முடித்ததும் கேள்வி ஆரம்பமாகும்.

"மிஸ்டர் காஜா, D-லேர்ந்து மேஜர் சிக்ஸ்த்?"

"B, மாஸ்டர்." காஜா பாய் எங்கள் சாக்ஸபோன்காரர். பேகம்பூர் ஆள். யோசிக்கவே மாட்டார்.

"மிஸ்டர் செல்வம், A-லேர்ந்து மைனர் தேர்ட்?"

நான் தலையைக் குனிந்துகொண்டு கிதாரில் அந்த இரண்டு சுரங்களையும் தட்டிக் காட்டுவேன்.

"கரெக்ட். பேரு?"

நான் சிரிப்பேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். யாராவது தப்பாகச் சொன்னாலும் தப்பு என்று சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டிக்கொள்வார், அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்பார். திட்டினால்கூட அவ்வளவு பயம் இருந்திருக்காது.

என் ரகசியம் கிதார்ப் பெட்டிக்குள் இருந்தது. மூடியின் உட்பக்கத்தில் ஒரு காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, 'மைனர் தேர்ட் 3, மேஜர் தேர்ட் 4, ஃபோர்த் 5, ஃபிஃப்த் 7, மைனர் சிக்ஸ்த் 8, மேஜர் சிக்ஸ்த் 9' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு படித்த மாதிரி மனப்பாடம் செய்தேன். அதனால் விரல் தப்பாது. சுரத்தின் ஏழு எழுத்தும் தெரியும். ஆனால் எண்ணிப் போய்ச் சேர்ந்த சுரத்தை எந்த எழுத்தால் சொல்வது, அந்தத் தூரத்துக்கு ஏன் அந்தப் பேர் என்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் இல்லை. 'செல்வம் பேச மாட்டாரு, வாசிப்பாரு' என்று எல்லாரும் சொல்லிக்கொள்ள, அந்த நிழலில் ஒன்பது வருடம் ஓடியது. எப்போது மாட்டுவேன் என்ற பயமும் கூடவே ஓடியது; கச்சேரி முடிந்து திரும்பும் பஸ்ஸில்கூடக் கண்ணயர விடாது.

ஒன்பதாவது வருடம் நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா. விழாக் குழுவில் இருந்த முத்தையா மல்லிகைப் பூ வியாபாரி. மாஸ்டர் வீட்டுக்கே போய், காப்புக் கட்டி எட்டாம் நாள் கச்சேரி என்று பேசி முடித்தார். அவர்கள் ஊர் வாத்தியார் அம்மன் மேல் எழுதிய பாட்டு ஒன்றைக் கொடுத்து, அதைத்தான் முதல் பாட்டாகப் பாட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மாஸ்டர் டைரியைப் பார்த்து எங்களிடம், "கச்சேரி அந்தப் புதன்கிழமை" என்றார்.

பாட்டுக்கு C-யில் மெட்டுப் போட்டார். அதை எங்கள் பக்கம் ஒரு கட்டை என்போம்; D இரண்டு கட்டை, இப்படியே ஏறும். ஆண் குரலுக்குப் போட்டது. பாட வேண்டியவர் திடீரென்று சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டதால் பாட்டு எங்கள் குழுவின் பாடகி ஜெயா அக்காவுக்கு வந்தது. மாஸ்டர் ஒரு தேர்ட் ஏற்றினார். அப்படியும் அக்காவுக்குக் கீழே இடம் பத்தவில்லை.

"அடில போறப்ப பாடுற மாதிரியே இல்ல மாஸ்டர். இருமுற மாதிரி இருக்கு."

இன்னும் ஏற்றலாம் என்று சொன்ன மாஸ்டர், அந்த வாரமே கண்புரை ஆபரேஷனுக்காக மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். அவர் இல்லாமல், கீபோர்டு இல்லாமல், கிதாரை வைத்தே சமாளிப்பது என்று முடிவானது. சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். மற்றக் கண்ணிலும் புரை இருந்ததால் என்னைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

"எழுதிக்கோங்க, மிஸ்டர் செல்வம். ஏற்கெனவே ஒரு தேர்ட் ஏத்தினோம். இன்னும் ஒரு தேர்ட் ஏத்தணும். எல்லார்கிட்டேயும் C-ல எழுதின பழைய பேப்பர்தான் இருக்கு. அதனால அதுலேர்ந்து மொத்தமா ஒரு ஃபிஃப்த்னு சொல்லிடுங்க. போதும். எழுதிட்டீங்களா?"

தலையாட்டினேன். அவருக்குத் தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. "ஆங், மாஸ்டர்" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் வாடிப்பட்டி தாண்டியதும் நோட்டைத் திறந்து பார்த்தேன். தேர்ட், இன்னொரு தேர்ட், மொத்தம் ஃபிஃப்த். மூன்றும் மூன்றும் ஐந்தா? ஐந்தாம் வகுப்புதான் படித்தேன் என்றாலும் மூன்றும் மூன்றும் ஆறு என்று எனக்குத் தெரியும். பாவம், ஆபரேஷன் வலியில் தடுமாறிவிட்டார் என்று நினைத்தேன். திரும்பிப் போய்க் கேட்டால் அவர் மனது கஷ்டப்படும். யாரிடமும் சொல்லாமல் ஃபிஃப்த்தை அடித்து சிக்ஸ்த் என்று எழுதினேன். அவருக்கு நல்லது செய்வதாகவே நினைத்துச் செய்தேன்.

கையில் கிதார் இருந்திருந்தால் முதல் தேர்ட் நாலு ஃப்ரெட், இரண்டாவது மூன்று ஃப்ரெட், ஆக ஏழு, அதுதானே ஃபிஃப்த் என்று விரலே சொல்லியிருக்கும். இருந்தது பேனா. இறங்கியதும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து காஜா பாய் வீட்டுக்குப் போன் போட்டு, "மாஸ்டர் சிக்ஸ்த் ஏத்தச் சொன்னாரு" என்றேன். எனக்கு இப்போதும் உறுத்துவது அந்த 'மாஸ்டர் சொன்னாரு'தான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. நானும் A-யில் வாசித்துப் பழகி வைத்திருந்தேன். ஆறு கட்டை. பல்லவி நன்றாகத்தான் போனது. சரணத்தில் அம்மனைக் கூப்பிடும் இடம் உச்சியில் வரும். ஜெயா அக்காவின் குரல் அங்கே போய் உடைந்தது. மறுபடி எடுத்தோம். மறுபடி உடைந்தது. மூன்றாவது தடவை அக்கா பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"ஏன் பாய், இது பாட்டா, பனைமரமா? அம்மனக் கூப்புடுறதுக்குள்ள நாந்தான் அம்மன்கிட்டப் போயிருவேன் போலருக்கு."

காஜா பாய் தன் தாளை எடுத்துக் காட்டினார். "சிக்ஸ்த்துன்னு மாஸ்டர்தாம்மா சொல்லிவிட்டிருக்காரு. சொன்னபடிதான எழுதிருக்கேன்."

"என் குரலு அவருக்குத் தெரியாதா? எத்தன வருசமாக் கேக்குறாரு?"

"தெரியும்மா. வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல." காஜா பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கண்ணு மங்குனா எல்லாமுந்தான் மங்கும். நல்ல மனுசன், இல்லேங்கல. ஆனா இனிமே அவர நம்பி மேடை ஏற முடியாது. திருச்சிக்காரர் ஒருத்தரு நம்ம குழுவை எடுத்து நடத்தறேன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. இந்தக் கச்சேரி முடியட்டும், பேசிப்பாப்போம்."

ஜெயா அக்கா மறுத்துப் பேசவில்லை. கூம்பு ஸ்பீக்கரில் குடை தொங்கும் இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்தியது நான்தான் என்று சொன்னால், ஏன் மாத்தினாய் என்பார்கள். ஏன் என்றால் எனக்குப் பேர்க் கணக்கே தெரியாது என்று சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசலில் வேன் வந்து நின்றது. முத்தையா உள்ளே வந்தார். தோளில் கிடந்த துண்டோடு மல்லிகை வாசமும் வந்தது.

"என்னப்பு, இன்னும் கடையைப் பரப்பிவச்சு உக்காந்திருக்கீக? பொட்டியக் கட்டுங்க. மேடை போட்டு லைட்டெல்லாம் கட்டியாச்சு."

"இப்பவேவா? கச்சேரி நாளைக்குத்தானண்ணே?" என்றார் ஜெயா அக்கா.

"நாளைக்கா? நாளைக்கு நாங்க பந்தலப் பிரிச்சுருவோமேம்மா! கச்சேரி எட்டாம் நாளு. இன்னைக்கு."

காஜா பாய் எழுந்துவிட்டார். "புதன்னு மாஸ்டர் டைரில இருக்குண்ணே. போன செவ்வா காப்பு. அதுலருந்து எட்டு நாளுன்னா புதன்தான வருது?"

"அப்ப காப்புக் கட்டுன நாளு எங்க போச்சு? அன்னைக்கு ஆத்தா இல்லையா? அதையுஞ் சேத்துத்தான்யா எட்டு. இந்தா பாரும்." முத்தையா கையை நீட்டி, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "செவ்வா ஒண்ணு. புதன் ரெண்டு. வியாழன் மூணு. வெள்ளி நாலு. சனி அஞ்சு. ஞாயிறு ஆறு. திங்கள் ஏழு. செவ்வா எட்டு. செவ்வாக்குச் செவ்வா எட்டு. இம்புட்டுத்தான கணக்கு? உங்க மாஸ்டருக்கு யாரு பாடஞ் சொல்லிக்குடுத்தது?"

"நாளையும் கோட்ட விட்டுட்டாரா!" என்று காஜா பாய் தலையில் கை வைத்தார்.

நான் முத்தையாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கு எனக்குப் புதிதே இல்லை. வெள்ளிக்கிழமை சிலுவையில் இறந்தவர் ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் நாள் உயிர்த்தார் என்று சிறு வயதிலிருந்து ஜெபத்தில் சொல்லி வருகிறேன். தொடங்குகிற நாளே ஒன்று. செவ்வாயிலிருந்து மூன்றாம் நாள் வியாழன். வியாழனிலிருந்து மூன்றாம் நாள் சனி. செவ்வாயிலிருந்து சனி எத்தனையாம் நாள்? ஐந்தாம் நாள். ஆறு இல்லை. நடுவில் இருக்கிற வியாழன் இரண்டு கணக்கிலும் வருகிறது.

C, D, E, மூன்று. E, F, G, மூன்று. C-யிலிருந்து G ஐந்து. கிழமையும் ஏழு, சுரத்தின் எழுத்தும் ஏழு. எட்டாம் நாள் அதே செவ்வாய், எட்டாவது சுரம் அதே C. அதைத்தான் ஆக்டேவ் என்கிறார்கள். மாஸ்டர் தடுமாறவே இல்லை.

"பாய்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முத்தையாகூட யாரோ புது ஆள் பேசியது போலப் பார்த்தார்.

"மாஸ்டர் ஃபிஃப்த்துன்னுதான் சொன்னாரு. நாந்தான் சிக்ஸ்த்துன்னு மாத்துனேன். மூணும் மூணும் ஆறுன்னு நெனச்சுட்டேன். எனக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது பாய். இத்தன வருசமாத் தெரியாது. ஃப்ரெட்ட எண்ணித்தான் வாசிச்சேன். பாட்டு அஞ்சு கட்டை."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கிதார்ப் பெட்டியைத் திறந்து மூடியில் ஒட்டியிருந்த தாளையும் காட்டினேன். காஜா பாய் குனிந்து அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"யா அல்லா. செல்வம் பேசிட்டாருடா!" என்றார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இத வச்சுக்கிட்டா ஒம்போது வருசம் ஓட்டுனீரு? நமக்கு மனசு கெடந்து அடிக்கும்யா!"

"அடிச்சுச்சு பாய்."

ஜெயா அக்கா அதற்குள் தரையில் விரலால் தட்டிக்கொண்டே மெல்லப் பாடிப் பார்த்தார். "அஞ்சு கட்டையக் குடு, செல்வம்." குடுத்தேன். சரணத்தின் உச்சியை அக்கா சும்மா எட்டித் தொட்டுவிட்டு இறங்கினார். "இதுதான் எடம்" என்றார். முத்தையா துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இருந்தாலும் புதன் புதன்தான?" என்று காஜா பாய் மட்டும் விடவில்லை. "அது மாஸ்டர் தப்புத்தான?"

"அது மாஸ்டர் தப்புத்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். திருச்சிக்காரரைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசி நான் கேட்கவில்லை.

பூ வேனில்தான் போனோம். காலிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து காஜா பாய் தன் தாளை மாற்றி எழுதினார். வழியெல்லாம் நான் வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டே போனேன். பிரிட்டோவுக்கு நான் சொல்ல வேண்டியதை எனக்கு அந்த வேனில் அவர்தான் சொன்னார். பேரில் இருக்கிற எண், புறப்பட்ட எழுத்தையும் சேர்த்து எத்தனை எழுத்து என்பது. அவ்வளவுதான். எழுத்துக்கு எழுத்து தூரம் ஒன்று போல் இருக்காது. E-க்கும் F-க்கும், B-க்கும் C-க்கும் நடுவில் ஒரே ஃப்ரெட் தூரம். மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு. அதனால் C-யிலிருந்து E போனால் நாலு ஃப்ரெட், E-யிலிருந்து G போனால் மூன்று. இரண்டுமே மூன்று எழுத்து, இரண்டுமே தேர்ட். பெரியது மேஜர், சிறியது மைனர். C, D, E, F நாலு எழுத்து, ஐந்து ஃப்ரெட். இன்னும் ஒரு எழுத்து போய் G வந்தால் ஐந்து எழுத்து, ஏழு ஃப்ரெட். நடுவில் விடுபடும் ஃப்ரெட்டுக்குக் கீழ் எழுத்தோடு ஷார்ப், மேல் எழுத்தோடு ஃபிளாட் என்று இரண்டு பேர் உண்டு. பேர் வைத்தவருக்கு எண்ணத் தெரியும், பிரிட்டோ. நாம்தான் ஃப்ரெட்டை எண்ணினோம், அவர் எழுத்தை எண்ணினார். C-யை ஒரு கட்டை என்றுதான் நாமும் சொல்கிறோம். பூஜ்யம் கட்டை என்று யாரும் சொல்வதில்லை. என் வாயிலேயே இருந்த கணக்கு அது.

அன்று மாலை அம்மன் பாட்டு முதல் பாட்டாகப் போனது. கீபோர்டு இல்லாத குறை தெரியாமல் வாசித்தேன் என்று ஜெயா அக்கா சொன்னார். பாட்டு எழுதிய வாத்தியார் மேடை ஓரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். மாஸ்டர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், செல்வம்."

"மிஸ்டர் செல்வம்? இன்னிக்குக் கச்சேரி ஆச்சே! இங்க என்ன பண்றீங்க?"

"நேத்தே முடிஞ்சிருச்சு, மாஸ்டர். நல்லபடியா."

எட்டாம் நாள் கணக்கைச் சொன்னேன். "புறப்படற இடமே ஒண்ணுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டு..." என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு நான் நோட்டில் அடித்து எழுதியதைச் சொன்னேன். காலண்டர் தாளைச் சொன்னேன். ஒத்திகையில் அவர் மேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். எதையும் விடவில்லை.

அவருடைய கை மெல்ல மேலே போனது. கண்ணாடியைக் கழற்றப் போனது. அங்கே கண்ணாடி இல்லை, கட்டுத்தான் இருந்தது. விரல்கள் அதைத் தொட்டு, சற்று நின்று, மடிக்குத் திரும்பின.

"மிஸ்டர் செல்வம்" என்றார், அதே குரலில். "C-லேர்ந்து மைனர் சிக்ஸ்த்?"

பழக்கத்தில் என் கை கிதாரைத் தேடியது. கிதார் வீட்டில் இருந்தது. அவர் காத்திருந்தார். நான் தலையாட்டினாலும் சிரித்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

"A ஃபிளாட்" என்றேன்.

"அந்த ஃப்ரெட்டுக்கு G ஷார்ப்னும் பேர் உண்டே. அதைச் சொல்லக்கூடாதா?"

"கூடாது, மாஸ்டர். C, D, E, F, G, A. ஆறாவது A. சிக்ஸ்த்துன்னா பேரு A-லதான் வரணும்."

அவர் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணை அசைக்கக் கூடாது என்று நர்ஸ் தூரத்திலிருந்து சத்தம் போட்டார்.

பக்கத்துக் கட்டிலில் இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்த பெரியவர் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "என்ன சார், பரீட்சையா? பாஸா?"

"பாஸ்" என்றார் மாஸ்டர்.

திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வாடிப்பட்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கடைசியில் கண்டக்டர்தான் தோளைத் தட்டி எழுப்பினார். எல்லாரும் இறங்கிப் போயிருந்தார்கள்.